பழகிய பூனை லிட்டர் பாக்ஸை ஒதுக்குவது ஏன்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயது ஆண் பூனை, கருத்தடை செய்தது. குட்டியில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து லிட்டர் பாக்ஸில், அதாவது பூனை சிறுநீரும் மலமும் கழிக்க ‘லிட்டர்’ என்ற மண் போன்ற உறிஞ்சும் பொருளை நிரப்பி வைக்கும் பெட்டியில், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாகக் கட்டிலிலும், துவைக்கப் போட்ட துணிக் குவியலிலும், குளியலறை மிதியடியிலும் சிறுநீர் கழிக்கிறது. மலம் மட்டும் பெரும்பாலும் பாக்ஸிலேயே. மூன்று மாதத்துக்கு முன் இன்னொரு பூனை, ஒரு வயதுப் பெண், வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து மூடி போட்ட ஒரே பாக்ஸ், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். நாற்றம் தாங்காமல் வாசனை கலந்த லிட்டருக்கு மாறியிருக்கிறீர்கள். திட்டிப் பார்த்தாயிற்று, தூக்கிக்கொண்டு போய்ப் பாக்ஸில் விட்டும் பார்த்தாயிற்று. இதை மறுபடி எப்படிப் பழக்குவது என்பது உங்கள் கேள்வி.

பூனை பழக்கத்தை மறந்துவிட்டது என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அது மறக்கவில்லை. மலம் கழிக்க இன்னும் அங்கேதான் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாக்ஸ் எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் போகவில்லை என்றால், போகவிடாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. ஆகவே பழக்குவதை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு, அந்தத் தடை எது என்று தேட வேண்டும். நான் கால்நடை மருத்துவர், பல வருடங்களாகப் பூனைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். எழுதி அனுப்பியதை மட்டும் வைத்து உங்கள் பூனைக்கு இன்னதுதான் என்று சொல்ல என்னால் முடியாது. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசையைச் சொல்ல முடியும்.

வரிசையில் முதலாவது உடம்பு. இதில் தள்ளிப்போடவே கூடாத ஒன்று இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் முனையில் மிகவும் குறுகலானது. நுண்ணிய படிகங்கள், சளி போன்ற கழிவு, சின்னக் கல், எது வந்து சிக்கினாலும் சிறுநீர் முழுவதுமாக அடைபட்டுப் போகலாம். பூனை திரும்பத் திரும்பப் போய் உட்காரும், முக்கும், கத்தும், ஒரு சொட்டு வரும் அல்லது அதுவும் வராது, பின்பக்கத்தை ஓயாமல் நக்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாந்தியும் எடுத்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பார்ப்பவர்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். இப்படி ஏதாவது தெரிந்தால் இந்தப் பதிலின் மீதியைப் படிக்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அப்படி இல்லை, கட்டிலில் நன்றாக ஒரு குளம் அளவுக்குப் போகிறது என்றால் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம். அப்போதும் இந்த வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். அளவு குறைந்து தடவை கூடியிருந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். அளவும் கூடி, தண்ணீர் குடிப்பதும் கூடியிருந்தால் சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, வயதான பூனை என்றால் தைராய்டு மிகைச் சுரப்பு என்று பார்க்க வேண்டியிருக்கும். மூன்று வயதில் இரண்டாவது வகைக்கு வாய்ப்பு குறைவு. நனைந்ததும் கட்டியாகும் லிட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அள்ளும்போதே கட்டிகளின் எண்ணிக்கையும் பருமனும் கண்ணில் படும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தகவலையும், முடிந்தால் பூனை உட்காரும்போது எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். வாய்வார்த்தையாக ‘அடிக்கடி போகிறது’ என்பதைவிட அது பல மடங்கு உதவும்.

உங்கள் பூனையின் வயதையும், வீட்டில் நடந்த மாற்றங்களையும் பார்த்தால் என் மனதில் முதலில் நிற்பது ‘இடியோபதிக் சிஸ்டைடிஸ்’. கிருமித் தொற்றோ கல்லோ இல்லாமலே சிறுநீர்ப்பையின் உள்சுவர் அழற்சி அடைந்து வலிப்பது. பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளின் சிறுநீர்ப் பாதைத் தொல்லைகளில் பாதிக்கு மேல் இதுதான். இளம் பூனைகளில் பாக்டீரியாத் தொற்று குறைவு. அதனால் பரிசோதனை எதுவும் செய்யாமல் ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக்கொடுத்தால், எதை வைத்துத் தொற்று என்று முடிவு செய்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்த அழற்சிக்கும் மன அழுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். புதிய பூனை, வீடு மாற்றம், விருந்தாளிகள், சாப்பாட்டு நேரம் தவறுவது, இவை எல்லாம் தூண்டுதல்தான்.

இந்த நோயில் எல்லாரையும் ஏமாற்றும் ஒரு குணம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், அப்புறம் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பும். அந்த ஒரு வாரத்தில் எந்த மருந்து கொடுத்திருந்தாலும், எந்தப் பொடியைத் தூவியிருந்தாலும், எந்த லிட்டருக்கு மாறியிருந்தாலும் பலன் அதனால்தான் கிடைத்தது என்று தோன்றும். இணையத்தில் சத்தியம் செய்யாத குறையாகப் பரிந்துரைக்கப்படும் கைவைத்தியங்களில் கணிசமானவற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தத் தானாக அடங்கும் குணம்தான் என்பது என் அபிப்பிராயம். நோய் அடங்கிய பிறகும் ஒரு வடு நிற்கும். பாக்ஸில் உட்கார்ந்தபோதெல்லாம் வலித்ததால், வலிக்குக் காரணம் அந்த இடம்தான் என்று பூனை முடிவு கட்டிவிடும். மெத்தையும் துணியும் மென்மையாக இருக்கின்றன, அங்கே போய்ப் பார்க்கிறது. சிறுநீர் மட்டும் வெளியே, மலம் உள்ளே என்ற உங்கள் வீட்டு நிலவரத்தோடு இது பொருந்திப் போகிறது. ஆனாலும் பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு. சில பூனைகள் எந்த நோயும் இல்லாமலே சிறுநீருக்கு ஓர் இடம், மலத்துக்கு வேறிடம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும்.

வலி என்று தோன்றினால் மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது, ஒரே ஒரு மாத்திரை கொன்றுவிடக்கூடும்.

அடுத்து, இது சிறுநீர் கழிப்பதா அல்லது எல்லை குறிப்பதா என்று பிரிக்க வேண்டும். எல்லை குறிக்கும் பூனை நின்றபடி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால்நுனி துடிக்க, சுவர், திரைச்சீலை, கதவு என்று நிமிர்ந்து நிற்கும் பரப்பில் கொஞ்சமாகப் பீய்ச்சும். தரையிலோ மெத்தையிலோ குந்தி உட்கார்ந்து முழுதாகக் கழிப்பது வேறு ரகம். கருத்தடை செய்தால் பீய்ச்சுவது நின்றுவிடும் என்பது பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியல்ல. கருத்தடை செய்த ஆண் பூனைகளில் சுமார் 10 சதவீதமும், பெண் பூனைகளில் சுமார் 5 சதவீதமும் பீய்ச்சுவது உண்டு என்று 1980களிலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். உங்கள் விவரிப்பில் சுவர் எதுவும் வரவில்லை, எல்லாமே கிடைமட்டமான பரப்பு. அதனால் இதை எல்லை குறிப்பதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கேள்வி மட்டும்: கட்டிலில் போனது ஆண் பூனைதான் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்த்தீர்களா? இரண்டு பூனை உள்ள வீட்டில் தவறான ஆள் மேல் பழி விழுவது சர்வசாதாரணம். சந்தேகம் இருந்தால் ஒரு மலிவான கேமராவை வைத்துப் பாருங்கள். கண் பரிசோதனையில் பயன்படும் ஃப்ளோரசீன் சாயத்தை ஒரு பூனைக்கு மட்டும் வாய்வழியே கொடுத்து, எந்தக் கறை புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிர்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், மெத்தையில் மஞ்சள் கறை நிற்கலாம் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்தாலும், கோளாறுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும், பாக்ஸைச் சீர்செய்தே ஆக வேண்டும். அதற்கு முன் பூனையின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம். நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து விலங்கு. பொலபொலவென்ற மண்ணைத் தோண்டி, கழித்து, மூடிவிட்டுப் போவது அதன் சுபாவத்திலேயே இருக்கிறது. குட்டிக்கு முதல் சில வாரங்கள் தாய் நக்கினால்தான் சிறுநீரும் மலமும் வரும். நாலாவது வாரம் வாக்கில் யாரும் சொல்லித்தராமலே மண்ணைப் பறண்ட ஆரம்பித்துவிடும். லிட்டர் பாக்ஸை நாம் பூனைக்குக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். நடப்பது என்னவோ, அதற்கு ஏற்கெனவே பிடித்த மாதிரி ஓர் இடத்தை நாம் அமைத்துத் தருவதுதான். 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், சாம்பலுக்கும் மணலுக்கும் பதிலாக உறிஞ்சும் களிமண்ணைப் பூனைக்கென்று விற்க ஆரம்பித்த பிறகுதான் பூனைகள் முழு நேரமும் வீட்டுக்குள் வாழ்வது சுலபமானது. கடைகளில் இன்று கிடைக்கும் மூடிகள், வாசனைகள், நிறங்கள் எல்லாம் அப்புறம் சேர்ந்தவை, வாங்குகிற மனிதரின் மூக்கையும் கண்ணையும் மனதில் வைத்துச் செய்தவை.

அதனால் நான் முதலில் கழற்றச் சொல்வது அந்த மூடியை. மூடிய பாக்ஸ் எல்லாப் பூனைக்கும் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் சுத்தம் செய்து வைத்தபோது மூடியது, திறந்தது என்று பெரும்பாலான பூனைகள் பேதம் பார்க்கவில்லை. அந்த ‘தினமும் சுத்தம் செய்து’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அள்ளுவதாக எழுதியிருக்கிறீர்கள். மூடிக்குள் இரண்டு பூனைகளின் மூன்று நாள் கழிவு என்றால், வெயிலில் நிறுத்திய நடமாடும் கழிப்பறைக்குள் நம்மைத் தள்ளிக் கதவைச் சாத்தியது போலத்தான். இதைத் தவிர, இரண்டு பூனை உள்ள வீட்டில் மூடிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வாசல் ஒன்றுதான். உள்ளே உட்கார்ந்திருக்கும் பூனைக்கு வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

அளவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இது முக்கியம். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாவது பாக்ஸ் இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு அது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். கடைகளில் பூனைக்கென்று விற்கும் பெரும்பாலானவை இதைவிடச் சின்னவை. துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்து வைத்தால் போதும். வயதான பூனைக்கு அந்தத் தாழ்வான வாசல்தான் எல்லாம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய நூறு பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் தொண்ணூறு பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. நொண்டினால்தான் மூட்டுவலி என்று நாம் நினைக்கிறோம். பூனை நொண்டாது, உயரமான விளிம்பைத் தாண்டுவதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடும்.

எண்ணிக்கை: பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. உங்களுக்கு மூன்று. இது ஆய்வுக்கூடத்தில் நிறுவிய சூத்திரம் கிடையாது, அனுபவத்தில் நிலைத்த கணக்கு. ஆனாலும் நல்ல கணக்கு. மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் கண்ணுக்கு அது ஒரே பாக்ஸ்தான். வெவ்வேறு அறைகளில் வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் இருப்பதை நகர்த்திவிடுங்கள். மலங்கழித்துக்கொண்டிருக்கும்போது ஒருமுறை அந்த இயந்திரம் சுழல ஆரம்பித்து அதிர்ந்தாலே போதும், அந்த இடத்தோடு பகை வந்துவிடும். சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் வேண்டாம். ஆள் அரவம் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் முட்டுச்சந்து மாதிரி மாட்டிக்கொள்ளும் மூலையாகவும் இருக்கக் கூடாது. பழைய பாக்ஸைச் சட்டென்று தூக்காமல், புதியவற்றை வைத்து அவற்றில் போக ஆரம்பித்த பிறகு எடுங்கள். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

லிட்டர் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆலோசனை ஒன்றுதான்: வாசனை இல்லாததற்குத் திரும்புங்கள். அமெரிக்காவில் விலங்கு நடத்தை ஆய்வாளர் பீட்டர் போர்செல்ட் 1991-ல் வெளியிட்ட ஒப்பீட்டில் பூனைகள் அதிகம் தேர்ந்தெடுத்தது நுண்மணியாக, மணல்போல் இருக்கும், கட்டியாகும் களிமண் லிட்டரைத்தான். பாதத்துக்கு இதமாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் இது பொதுவான போக்கு. உங்கள் பூனைக்கு எது பிடிக்கும் என்று அதனிடமே கேட்கலாம். ஒரே மாதிரியான இரண்டு மூன்று பாக்ஸில் வெவ்வேறு லிட்டரைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வாரம் எதில் கட்டி அதிகம் விழுகிறது என்று எண்ணுங்கள். துணியைத் தேடிப் போகிற பூனை என்பதால், ஒரு பாக்ஸில் லிட்டரே இல்லாமல் பழைய டவலையோ உறிஞ்சும் ஷீட்டையோ விரித்தும் பாருங்கள். அதில் போக ஆரம்பித்தால் சில நாள் கழித்து மேலே ஒரு கை லிட்டர் தூவி, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய் மாற்றிவிடலாம். ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: சின்னக் குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும், ஆகவே அவற்றுக்குக் கட்டியாகும் லிட்டர் கூடாது.

தினமும் ஒரு முறையாவது, இரண்டு பூனை என்றால் இரண்டு முறை, அள்ளிவிடுங்கள். நாற்றத்துக்கு மருந்து இதுதான். வாசனை லிட்டரை வாங்க வைத்த பிரச்சினையும் இதனாலேயே தீர்ந்துவிடும். கட்டியாகும் லிட்டரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டி, வாசனையற்ற சோப்பாலும் வெந்நீராலும் கழுவினால் போதுமானது. கட்டியாகாத வகையை வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஃபீனால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் படிந்த பாக்ஸில் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், அது உங்களுக்கே ஆபத்து. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அள்ளும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். பூனை மலத்தில் வெளிவரும், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும், தினமும் அள்ள வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இரண்டாவது பூனை. ‘இரண்டும் சண்டையே போடவில்லை, நன்றாகத்தான் இருக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். பூனைகளின் பகை பெரும்பாலும் சத்தமில்லாதது. ஒன்று நடைவழியின் நடுவில் சாவகாசமாகப் படுத்திருக்கும், மற்றது அந்தப் பக்கம் வராமல் சுற்றிப் போகும். ஒன்று இமைக்காமல் பார்க்கும், மற்றது இருந்த இடத்திலிருந்து எழுந்துவிடும். பாக்ஸிலிருந்து வெளியே வரும் பூனையின் மேல் பாய்வதை நாம் விளையாட்டு என்று ரசிப்போம். பாயப்பட்ட பூனைக்கு அது விளையாட்டாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று நக்கிவிடுகின்றனவா, உடம்பு ஒட்டித் தூங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அவை நண்பர்கள் இல்லை, ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு குடித்தனங்கள். அப்படியானால் சாப்பாடு, தண்ணீர், படுக்கை, உயரமான அலமாரித் தட்டு, பாக்ஸ் எல்லாமே ஒன்று மற்றதைப் பார்க்காமல் பயன்படுத்துகிற மாதிரி இரண்டு செட்டாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். கட்டில் மேல் போவதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கக்கூடும்: உயரமான இடம், நாலு பக்கமும் பார்வை தெரியும், உங்கள் வாசனையும் இருக்கிறது. பயந்த பூனைக்கு அது பாதுகாப்பான இடம். உங்களைப் பழிவாங்கத்தான் கட்டிலில் போகிறது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் குழுவினர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். சிஸ்டைடிஸ் உள்ள 46 வீட்டுப் பூனைகளுக்கு, மருந்தைவிட வாழ்விடத்தை மாற்றுவதில் கவனம் செலுத்தினார்கள்: ஒளிய இடம், ஏற உயரம், விளையாட்டு, பூனைகளுக்கிடையே உரசலைக் குறைப்பது. சிறுநீர்த் தொல்லைகள் கணிசமாகக் குறைந்தன என்று 2006-ல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை வைத்துச் செய்யாத ஆய்வு என்பதால் அதை முடிந்த முடிவாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லாத சிகிச்சை என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கூடவே ஈர உணவைக் கூட்டி, தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் சிறுநீர் நீர்த்துப் போகும், சிறுநீர்ப்பைக்கு நல்லது.

ஏற்கெனவே நனைந்த இடங்களைச் சாதாரண சோப்பால் கழுவினால் நமக்கு வாசனை போய்விடும், பூனைக்குப் போகாது. யூரிக் அமிலத்தின் படிவு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. செல்லப்பிராணிக் கறைக்கென்று வரும் என்சைம் கிளீனரைக் கறை எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் ஊறும்படி ஊற்றி, தானாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தெடுத்தால் அது வேலை செய்யாது. இருட்டில் சின்ன புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் நீங்கள் அறியாத கறைகள் இன்னும் சில தென்படும். சில வாரங்களுக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்தி வையுங்கள், துணியை மூடியுள்ள கூடையில் போடுங்கள், மிதியடியைச் சுருட்டி வையுங்கள்.

திட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கழித்து முடித்தபின் கிடைக்கும் திட்டைப் பூனையால் கழித்ததோடு இணைத்துப் பார்க்க முடியாது. நீங்கள் வந்தால் ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொள்ளும், அப்புறம் நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும். மூக்கைக் கறையில் தேய்ப்பது அதைவிட மோசம். பாக்ஸில் தூக்கி வைப்பதும் வேண்டாம், பிடித்து உட்கார வைத்த இடம் எந்தப் பூனைக்கும் பிடிக்காது. தானாகப் போய்விட்டு வந்தால், அது வெளியே வந்தபிறகு பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால், ஆண் பூனையை மட்டும் ஓர் அறையில் அதன் படுக்கை, சாப்பாடு, ஜன்னல், விளையாட்டுப் பொருள் எல்லாவற்றோடும், எதிர் மூலையில் பெரிய பாக்ஸோடும் கொஞ்ச நாள் வைக்கலாம். ஒரு வாரம் தவறாமல் பாக்ஸில் போனால் இன்னோர் அறையைத் திறந்துவிடுங்கள், அப்படியே படிப்படியாக. புதிதாக வரும் குட்டிகளுக்கும் இதே முறைதான், அவற்றுக்கு ஓரிரு நாளே போதும். இது தண்டனையாகத் தெரியக் கூடாது, நீங்கள் அடிக்கடி போய் உட்கார்ந்து கொஞ்ச வேண்டும். அடைத்து வைத்தால் கத்திக் கதவைப் பிறாண்டி இன்னும் பதறுகிற பூனை என்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள்.

பிளக்கில் மாட்டும் ஃபெரோமோன் திரவங்களை, அதாவது பூனைகள் ஒன்றுக்கொன்று சைகை காட்டப் பயன்படுத்தும் வாசனைப் பொருளைப் போலச் செய்தவற்றைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பீய்ச்சும் பூனைகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது, பாக்ஸைத் தவிர்க்கும் பூனைகளில் ஆதாரம் பலவீனம். கெடுதல் இல்லை, கையில் பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் மூன்று பாக்ஸும் கேமராவும் வாங்கிய பிறகு மிச்சமிருக்கும் பணத்தில். ஃப்ளுவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்ற பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் விடாமல் பீய்ச்சும் பூனைகளுக்கு நல்ல பலன் தருகின்றன. உங்கள் பூனை போன்றவற்றுக்கு, பதற்றம் அதிகம் என்று நேரில் பார்த்த மருத்துவர் முடிவு செய்தால் மட்டும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், நடுவில் சரியாகிவிட்டது என்று சட்டென நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி அளவைக் குறைத்துக்கொண்டே வந்துதான் நிறுத்த வேண்டும். அந்த நிலைக்கு வந்தால், எந்த நாள், எந்த இடம், எவ்வளவு அளவு, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று இன்றிலிருந்து எழுதிவைத்த குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.